கழுவிய காரில் கறை எப்படி வந்தது?

விடியற்காலையில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, சேறும் புழுதியும் அகலத் தேய்த்து, மறுபடியும் ஒருமுறை தாராளமாக அலசி நிறுத்திய கறுப்பு நிறக் கார் ஒன்றை, வெயில் ஏறிய பிறகு அருகே சென்று பார்ப்பவர், அதன் கூரையிலும் பானட்டிலும் சிறுசிறு வெண்ணிற வளையங்கள் நூற்றுக்கணக்கில் பதிந்திருப்பதைக் காண்பார். ஊற்றிய நீரோ தெளிவானது. வாளியில் பார்த்தால் அடி தெரியும். துணியும் சுத்தமானதுதான். அழுக்கு என்று சொல்லத்தக்க எந்த வஸ்துவும் இடையில் வந்து சேரவில்லை. ஆயினும் கழுவுமுன் வெறும் புழுதி படிந்திருந்த இடத்தில், கழுவிய பின் உலர்ந்த துணியால் தேய்த்தாலும் போகாத கறை நிற்கிறது.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இந்தக் கறைக்காகக் காவலாளியோ, மாதச் சம்பளத்துக்குக் கார் துடைக்க வருகிறவரோ ஏச்சு வாங்குவது சாதாரணமாக நடக்கிற காரியம். அவர் சரியாகத் துடைக்கவில்லை என்று உரிமையாளர் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார். அந்தத் தீர்ப்பு பெரும்பாலும் அநியாயமானது. நீருக்குள் என்ன இருக்கிறது, அது எவ்விதம் உலர்கிறது என்ற இரண்டு விஷயங்களை அறிந்துகொண்டால், கறையின் காரணமும் அதைத் தவிர்க்கும் உபாயமும் ஒருங்கே விளங்கும்.

பாறை நீருக்குக் கொடுத்தது

மேகத்திலிருந்து புறப்படும்போது மழைநீர் ஏறக்குறைய பரிசுத்தமானது. இறங்கி வரும் வழியில் காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சிறிதளவு கரைத்துக்கொண்டு அது மிக மெல்லிய அமிலமாகிறது. மண்ணுக்குள் புகுந்ததும், அங்கே வேர்களும் நுண்ணுயிர்களும் ஓயாமல் சுவாசித்து வெளிவிடும் அதே வாயு வெளிக்காற்றில் உள்ளதைக் காட்டிலும் பன்மடங்கு நிறைந்திருப்பதால், அந்த அமிலத்தன்மை மேலும் வலுப்பெறுகிறது. இவ்வாறு மாறிய நீர் நெடுங்காலம் பாறை இடுக்குகளில் தங்கி ஊறும்போது, பாறையிலுள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் மெல்ல மெல்லத் தன்னுள் கரைத்துக்கொள்கிறது. இவ்விரண்டும் மிகுந்த நீரே கடினநீர். வீடுகளில் நாம் ‘உப்புத் தண்ணீர்’ என்று குறைப்பட்டுக்கொள்வது பெரும்பாலும் இதைத்தான்.

அரியலூரைப் போன்று சுண்ணாம்புப் பாறை மிகுந்த ஊர்களில் கிணற்று நீர் கடினமாக இருந்தால் அதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் சென்னைக்குத் தெற்கே பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் நிலத்தடியில் இருப்பது சுண்ணாம்புப் பாறை அன்று. சார்னாக்கைட் என்னும் கரும்பாறை. கல்கத்தா நகரத்துக்கு அடிகோலியவர் என்று சொல்லப்பட்டுவந்த ஜாப் சார்னாக்கின் கல்லறையில் பதித்திருந்த கல் சென்னைப் பக்கத்திலிருந்து சென்றது என்று கண்ட புவியியல் அறிஞர் தாமஸ் ஹாலந்து, 1893-ல் அந்தப் பாறைக்குச் சார்னாக்கின் பெயரையே சூட்டினார். இந்தப் பாறையின் கனிமங்களிலும் கால்சியமும் மக்னீசியமும் உண்டு. அவற்றோடு மணலின் மூலப்பொருளான சிலிக்காவும் உண்டு. ஆகையால் இத்தகைய பாறையில் தோண்டிய ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வரும் நீர், கடினத்தன்மையோடு கொஞ்சம் சிலிக்காவையும் சுமந்து வருகிறது. இந்தச் சிலிக்கா இவ்வத்தியாயத்தின் இறுதியில் நமக்குத் தொல்லை தரும் என்பதால், வாசகர் அதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

நீரில் கரைந்துள்ள பொருள்கள் அனைத்தையும் சேர்த்து ‘மொத்தக் கரைபொருள்’ என்று அழைப்போம். தண்ணீர் சுத்திகரிப்பான் விற்பவர்கள் சிறு மீட்டரை நீரில் நனைத்து, டி.டி.எஸ். இவ்வளவு என்று சொல்வது இதைத்தான். குடிநீருக்கான இந்தியத் தர அளவு, இது லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நன்று என்றும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2000 மில்லிகிராம் வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறது. குடிக்கத் தகுந்த நீர் காருக்குக் கறை வைக்காது என்று எண்ணுவது தவறு என்பதற்கு இந்த எண்களே போதும்.

இங்கே சுண்ணாம்பின் விசித்திர சுபாவம் ஒன்றையும் சொல்ல வேண்டும். கால்சியம் கார்பனேட் சுத்தமான நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 15 மில்லிகிராம் அளவே கரையும். கிணற்று நீரில் அது நூற்றுக்கணக்கான மில்லிகிராம் கரைந்து நிற்பதற்குக் காரணம், உடன் கரைந்திருக்கும் கரியமில வாயு அதைக் கரையக்கூடிய பைகார்பனேட்டாக மாற்றி வைத்திருப்பதுதான். நீர் திறந்த வெளிக்கு வந்ததும், அதிலும் சூடேறியதும், அந்த வாயு வெளியேறிவிடுகிறது. வாயு போனதும் சுண்ணாம்பு கரைந்து நிற்க வழியின்றிப் படிகமாக வீழ்கிறது. கெய்சரின் உட்புறத்திலும் வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியிலும் ஓடு கட்டுவது இதனாலேயே.

ஒரு துளியின் கணக்கு

இனி ஒரே ஒரு துளியை எடுத்துக்கொண்டு நிதானமாகக் கணக்கிட்டுப் பார்ப்போம். நம் கிணற்று நீரில் லிட்டருக்கு 600 மில்லிகிராம் கரைபொருள் இருப்பதாகக் கொள்வோம். இது மோசமான நீர் அன்று. ஒரு மில்லிலிட்டரில் 20 துளிகள் என்று வைத்தால், ஒரு துளியில் அடங்கியிருப்பது 0.03 மில்லிகிராம். கையில் வைத்தாலும் கனம் தெரியாத, கண்ணுக்கும் எளிதில் புலப்படாத அளவு.

மெழுகு பூசிய கார்ப் பரப்பில் இந்தத் துளி ஏறக்குறைய அரைக்கோள வடிவில் நிற்கும். அப்போது அதன் அடிவட்டத்தின் குறுக்களவு சுமார் 6 மில்லிமீட்டர். நீர் முழுவதும் ஆவியாகி, எஞ்சிய பொருள் அந்த வட்டம் முழுவதும் ஒரே சீராகப் பரவிப் படிந்தால், அந்தப் படிவின் தடிமன் மில்லிமீட்டரின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. கண்ணுக்குப் புலனாகும் ஒளியலைகளின் நீளத்தோடு ஒப்பிடத்தக்க மெல்லிய படலம் அது. அவ்வளவு மெல்லிய, சீரான படலம் பளபளப்பைச் சற்று மங்கச் செய்யுமே தவிர, கறையாகக் கண்ணை உறுத்தாது.

ஆனால் நாம் காண்பது சீரான படலம் அன்று, வளையம். அந்த 0.03 மில்லிகிராமும் துளியின் ஓரத்தில் 0.2 மில்லிமீட்டர் அகலமுள்ள வளையமாகக் குவிந்துவிட்டால், அங்கே தடிமன் ஏழு மடங்காகப் பெருகி, மில்லிமீட்டரின் முந்நூற்றில் ஒரு பங்கை எட்டிவிடுகிறது. அதுவும் ஒழுங்கற்ற நுண்படிகங்களின் குவியலாதலால், விழுகின்ற ஒளியை எல்லாத் திசைகளிலும் சிதறடிக்கிறது. சிதறிய ஒளி வெண்மையாகத் தோன்றுகிறது. கறுப்புப் பரப்பில் அது எடுப்பாகத் தெரிவதும், வெள்ளைக் காரில் மறைந்திருப்பதும் இதனால்தான். கறையின் மேல் ஈரத்துணியை ஒற்றியதும் அது மாயமாக மறைந்து, உலர்ந்ததும் திரும்பி வருவதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். ஈரத்தில் கறை கரைந்து போய்விடவில்லை. படிகங்களுக்கு இடையிலுள்ள இண்டுகளில் காற்றுக்குப் பதிலாக நீர் நிறைந்ததால் ஒளிச்சிதறல் குறைந்தது, அவ்வளவே.

துளிகளின் எண்ணிக்கையையும் பார்க்கலாம். அலசி முடித்த காரின் மேல் கால் லிட்டர் நீர் ஒட்டிக்கொண்டு நிற்பதாக வைத்துக்கொண்டால், அது 5000 துளிகள்; அவை விட்டுச் செல்லும் பொருளின் மொத்த எடை 150 மில்லிகிராம். சமையலில் போடுகிற ஒரு சிட்டிகை உப்பைவிடக் குறைந்த அந்த அளவு, 5000 வளையங்களாக எழுதப்பட்டிருப்பதுதான் நம் கண்ணை உறுத்துகிறது. அப்படியானால் உப்பு ஏன் நடுவில் தங்காமல் ஓரத்துக்கு ஓடுகிறது என்று கேட்க வேண்டும்.

விளிம்பில் நிகழ்வது

மேஜையில் சிந்திய காபித் துளி உலரும்போதும் நடு வெளுத்து ஓரம் கருத்து வளையமாகிறது. தலைமுறை தலைமுறையாக எல்லோரும் கண்டும் காரணம் கேளாதிருந்த இந்த அற்ப விஷயத்தைச் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் டீகன், சிட்னி நேகல் முதலியோர் பொறுமையோடு ஆராய்ந்து, 1997-ல் ‘நேச்சர்’ இதழில் விளக்கம் வெளியிட்டார்கள். பெரிய கருவிகளும் பெரிய பிரச்சினைகளும்தாம் விஞ்ஞானம் என்று எண்ணுகிற மாணவர்களுக்கு இந்தக் கட்டுரையை நான் மனமார எடுத்துக்காட்டுவேன்.

அவர்கள் கண்டது இது. உலரத் தொடங்கும் துளியின் ஓரம், பரப்பிலுள்ள நுண்ணிய மேடு பள்ளங்களைப் பற்றிக்கொண்டு நகராமல் நின்றுவிடுகிறது. இதை ‘விளிம்புப் பிடிப்பு’ என்று சொல்லலாம். ஓரத்தில் துளி மிக மெல்லியதாக இருப்பதோடு, அங்கிருந்து எழும் ஆவி பக்கவாட்டிலும் எளிதில் பரவ முடிவதால், நடுப்பகுதியைவிட ஓரம் வேகமாக உலர்கிறது. விளிம்பு பின்வாங்காமல் அங்கேயே நிற்க வேண்டுமானால், இழந்த நீரை ஈடுசெய்ய உள்ளிருந்து நீர் ஓரத்தை நோக்கி ஓடிவந்தாக வேண்டும். அவ்வாறு ஓடும் நீர் தன்னிலுள்ள துகள்களையும் சுமந்துகொண்டு வந்து, அவற்றை ஓரத்தில் இறக்கிவிட்டுத் தான் மட்டும் ஆவியாகிறது. காபியில் இருப்பவை துகள்கள். கடினநீரில் இருப்பவை கரைந்த உப்புகள். ஆனால் செறிவு மிகுந்து முதலில் படிகம் தோன்றும் இடம் இரண்டிலும் அந்த ஓரமே. முதற்படிகம் தோன்றியதும் விளிம்பின் பிடி மேலும் இறுகுகிறது.

இதிலிருந்து நம் விஷயத்துக்கு வேண்டிய விதி ஒன்று கிடைக்கிறது. நீர் திரவமாகவே பரப்பை விட்டு நீங்கினால் உப்பும் அதனோடு நீங்குகிறது. ஆவியாக நீங்கினால் உப்பு முழுவதும் பின்தங்கிவிடுகிறது. கார் கழுவும் கலையின் நுட்பங்கள் யாவும், ஆவியாகும் நீரின் பங்கைக் குறைத்து, வழிந்தோடும் நீரின் பங்கையும் துணி உறிஞ்சும் நீரின் பங்கையும் கூட்டுவதற்கான வழிகளே ஆகும்.

வெயிலின் பங்கு

கோடை நண்பகலில் வெயிலில் நிற்கும் கருநிறக் காரின் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். அதன் மேல் ஊற்றிய நீர், துணியை எடுத்துவரும் அவகாசம்கூடத் தராமல் உலர்ந்துவிடுகிறது. சர்க்கரைக்கும் சமையல் உப்புக்கும் மாறாக, கால்சியம் கார்பனேட் வெப்பம் ஏற ஏறக் குறைவாகவே கரையும் இயல்புடையது. ஆகவே சூடான பரப்பில் கறை விரைவாகவும் உறுதியாகவும் பற்றுகிறது. கழுவுவதற்கு உகந்த வேளை விடியலோ அந்திமாலையோதான். இயலாவிட்டால் நிழலில் நிறுத்தி, பானட்டில் புறங்கையை வைத்தால் குளிர்ச்சி தெரியும் வரை காத்திருப்பது நல்லது.

வெயிலைப் பற்றி நெடுநாளாக நிலவும் ஒரு நம்பிக்கையையும் இங்கே விசாரிக்கலாம். துளி பூதக்கண்ணாடியாக மாறி, சூரிய ஒளியைக் குவித்து, பெயின்டைச் சுட்டுவிடுகிறது என்பது அந்த நம்பிக்கை. அரைக்கோளத் துளிக்குள் புகும் ஒளி, அதன் உச்சியிலிருந்து ஆரத்தின் நான்கு மடங்கு தூரத்தில்தான் குவியும். பெயின்ட் இருப்பதோ ஒரு மடங்கு தூரத்தில். ஒளி குவிவதற்கு வெகு முன்பே பரப்பில் விழுந்துவிடுவதால் சூடு ஓரிடத்தில் சேர இடமில்லை. இலைகளின் மேல் நின்ற துளிகளைக் கொண்டு ஹங்கேரிய ஆராய்ச்சியாளர்கள் 2010-ல் வெளியிட்ட பரிசோதனைகளிலும், வழவழப்பான இலையின் மேல் கிடந்த துளிகள் அதைக் கருக்கவில்லை. வெயிலில் கழுவாதீர்கள் என்ற அறிவுரை முற்றிலும் சரியானது. அதற்குச் சொல்லப்படும் காரணம் மட்டும் பிசகானது.

நீரைத் திரவமாகவே வழியனுப்புதல்

சோப்புக் கட்டியை இந்த வேலையிலிருந்து விலக்கிவிட வேண்டும். கடினநீரிலுள்ள கால்சியம் சோப்போடு சேர்ந்து, கரையாத வெண்கசடாகத் திரிந்து பரப்பில் ஒட்டிக்கொள்ளும். காருக்கென்று விற்கும் ஷாம்பூவில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. கார் முழுவதையும் ஒரே மூச்சில் நுரையால் மூடிவிட்டு, பின்னர் சாவகாசமாக அலசுவதும் கூடாது. கூரையை முடித்து அலசிய பின் பானட், அதன் பின் ஒரு பக்கத்துக் கதவுகள் என்று பகுதி பகுதியாகச் சென்று, துணி தொடும் வரை முடித்த பகுதிகளையும் இடையிடையே நனைத்துவர வேண்டும். ஈரமாக இருக்கும் வரை கறை தோன்றாது.

கடைசி அலசலில்தான் அநேகர் தவறுகிறார்கள். விசையோடு பீய்ச்சினால் சுத்தம் அதிகம் என்ற எண்ணத்தில், குழாயின் முனையை விரலால் அடைத்து நீரைச் சிதறடிக்கிறார்கள். அது ஆயிரக்கணக்கான புதிய துளிகளை உண்டாக்குவதற்கு நிகரான காரியம். முனையைத் திறந்துவிட்டு, குழாயைப் பரப்புக்கு அருகே தாழ்த்திப் பிடித்து, கூரையின் உச்சியிலிருந்து நீரை மெதுவாக ஓடவிட்டால், அது துளியாக உடையாமல் ஒரே தகடாக இறங்கும். நீர்ப்பரப்பை இழுத்துச் சுருக்கி நிற்கும் பரப்பு இழுவிசையின் காரணமாக, அந்தத் தகடு வழியிலுள்ள துளிகளையெல்லாம் தன்னோடு சேர்த்துக்கொண்டு கீழே இறங்கிவிடும். இந்த ஒரு செயலிலேயே, துணி தொடுவதற்கு முன்பாகவே, பரப்பில் தங்கும் நீரில் பெரும்பகுதி அகன்றுவிடுகிறது.

எஞ்சியதை அகற்ற மைக்ரோஃபைபர் துணி மிகச் சிறந்தது. அதன் பாலியெஸ்டர், பாலியமைடு இழைகள் பிளவுபட்டு மயிரிழையினும் நுண்ணியவாக இருப்பதால், இழைகளின் இடைவெளிகள் நீரை வேகமாக உள்ளிழுக்கின்றன. துணியைப் பந்தாகச் சுருட்டித் தேய்ப்பதைவிட, விரித்துப் பரப்பின் மேல் போட்டு, இரு முனைகளைப் பிடித்துத் தன்பக்கம் மெல்ல இழுப்பதே நலம். தப்பிக் கிடக்கும் மணல் துகள் கீறலிடாதிருக்கவும் இது உதவும். துணி நனைந்து கனத்த பிறகும் விடாமல் துடைத்தால் அது நீரைப் பரப்புமே அன்றி உறிஞ்சாது. பிழிந்துவிட்டு, முடிவில் இன்னோர் உலர்ந்த துணியால் ஒருமுறை ஒற்றி எடுக்க வேண்டும். பக்கக் கண்ணாடிகளின் மடிப்பு, கதவுக் கைப்பிடி, நம்பர் பலகையின் பின்புறம், பெட்ரோல் மூடி ஆகிய இடங்களில் ஒளிந்திருக்கும் நீர், வண்டி நகரத் தொடங்கியதும் கோடாக வழிந்து உலர்ந்து கறையாகும் என்பதால், கதவுகளைத் திறந்து அவற்றையும் துடைத்துவிடுவது அவசியம்.

மெழுகு பூசிய வண்டிக்கு ஒரு விசேஷ எச்சரிக்கை உண்டு. மெழுகின் மேல் நீர் பரவாமல் உருண்டு திரள்வதால் வழிந்தோடுவது எளிதாகிறது. ஆனால் ஓடாமல் நின்றுவிட்ட துளி, அதே அளவு உப்பைச் சிறிய வட்டத்துக்குள் இறக்கிவிடுகிறது. துடைக்காமல் விட்டால், மெழுகு இடாத காரைவிட மெழுகிட்ட காரில் வளையங்கள் கூர்மையாகத் தெரிவது இந்தக் கணக்கினாலேயே.

கடைசி அலசலுக்கு எந்த நீர்?

முழு வேலைக்கும் உயர்ந்த நீர் தேவையில்லை. பரப்பில் இறுதியாகத் தங்கும் நீர் எதுவோ அதுதான் கறையை நிர்ணயிக்கிறது என்பதால், கடைசியாக ஊற்றும் ஒரு வாளி மட்டும் நல்லதாக இருந்தால் போதும். வீட்டு ஆர்.ஓ. இயந்திரம் கரைபொருளில் பத்தில் ஒன்பது பங்கையாவது நீக்கிவிடும். நம் துளியின் கணக்கில் 0.03 மில்லிகிராம் என்பது 0.003 ஆகக் குறைந்துவிடும். ஆனால் அதே இயந்திரம் வெளியேற்றும் கழிவுநீரைக் கார் கழுவப் பயன்படுத்துவது இப்போது பல வீடுகளில் வழக்கமாகியிருக்கிறது. நீரை வீணாக்கலாகாது என்ற நல்ல நோக்கத்தை மதிக்கிறேன். எனினும் பிரித்தெடுத்த உப்பையெல்லாம் சுமந்து வருவது அந்தக் கழிவுநீரே. வந்த நீரில் பாதி சுத்தமாகப் பிரிந்தால், மறுபாதியில் உப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகும். சக்கரங்களையும் சேற்றையும் கழுவ அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். இறுதி அலசலுக்கு மட்டும் அது ஆகாது.

நீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர் கருவியைப் பற்றியும் ஒரு மயக்கம் இருக்கிறது. அது கால்சியத்தை எடுத்துக்கொண்டு அதனிடத்தில் சோடியத்தைக் கொடுக்கிறதே தவிர, கரைபொருளின் மொத்த அளவைக் குறைப்பதில்லை. எடைக் கணக்கில் சற்றுக் கூட்டவே செய்கிறது. ஆகவே கறை விழும். சோடிய உப்புகள் எளிதில் கரைவன ஆதலால், ஈரத்துணி பட்டதும் போய்விடும் என்பது அதிலுள்ள லாபம்.

கடற்கரை நகரங்களில் இருப்பவர்களுக்குக் கைக்கெட்டும் தூரத்திலேயே வேறொரு நல்ல நீர் சொட்டிக்கொண்டிருக்கிறது. 30 டிகிரி வெப்பமும் 70 சதவீத ஈரப்பதமும் உள்ள நாளில், ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 21 கிராம் நீராவி இருக்கும். ஏ.சி. இயந்திரத்தின் குளிர்ந்த குழாய்களில் அந்த ஆவி படிந்து நீராகி, வெளிச்சுவரில் வீணாக வடிகிறது. ஆவியிலிருந்து பிறந்ததால் அதில் கனிம உப்பு மிக மிகக் குறைவு. தூசி மட்டும் இருக்கலாம். ஒரு வாளியில் பிடித்து, மெல்லிய துணியால் வடிகட்டினால், இறுதி அலசலுக்கு அதைவிடப் பொருத்தமான நீரை விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 2003-ல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்புக் குழாய்களிலிருந்து, முதல் மழை கூரைத் தூசியைக் கழுவிச் சென்ற பின், ஒரு டிரம் பிடித்து மூடிவைப்பதும் இதே பயனைத் தரும்.

பரிசுத்தமான மழைநீர் பட்ட காரிலும் கறை தெரிகிறதே என்று வாசகர் கேட்கக்கூடும். அங்கே உப்பும் தூசியும் துளியோடு வந்தவை அல்ல. ஏற்கெனவே காரின் மேல் கிடந்தவை. துளி அவற்றைக் கரைத்தும் கலக்கியும் ஓரத்தில் சேர்த்துவிட்டுப் போகிறது.

கறை பதிந்த பிறகு

புதிய கறைக்குப் பரிகாரம் எளிது. கடைகளில் கிடைக்கும் வெள்ளை வினிகரில் ஏறக்குறைய 5 சதவீதம் அசிட்டிக் அமிலம் உண்டு. அதோடு சம அளவு நல்ல நீரைக் கலந்து, நிழலில் நிற்கும் குளிர்ந்த காரில், முதலில் மறைவான ஒரு மூலையில் சோதித்துப் பார்த்து, பின்னர் கறையின் மேல் ஈரத்துணியாக ஒரு நிமிடம் போட்டுவைத்தால், அமிலம் கார்பனேட்டைச் சிதைத்துக் கரைத்துவிடும். உடனே ஷாம்பூ கலந்த நீரால் கழுவி உலர்த்திவிட வேண்டும்; குரோம், அலுமினியப் பாகங்களில் அமிலம் தங்கவே கூடாது.

இதற்கும் அசையாத கறை இருந்தால், அங்கே முன்பு நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்ன சிலிக்காவோ சல்பேட்டோ கலந்திருக்கக்கூடும். வினிகர் அவற்றை ஒன்றும் செய்யாது. காருக்கு மெருகேற்றும் டீட்டெயிலிங் கடைகளில் கிடைக்கும் கிளே பார் என்னும் களிமண் கட்டியைக் கொண்டு வழுக்கும் திரவத்தின் துணையோடு மெல்ல உருவி எடுத்துப் பார்க்கலாம். வாரக்கணக்கில் வெயிலில் காய்ந்த கறை, நிறப்பூச்சின் மேலுள்ள கிளியர் கோட் என்னும் தெளிபூச்சிலேயே தடம் பதித்திருந்தால், பாலிஷ் போடுவதைத் தவிர வேறு வழி இல்லை. அந்தத் தெளிபூச்சு மில்லிமீட்டரில் இருபத்தைந்தில் ஒரு பங்கு தடிமன்தான், ஒவ்வொரு பாலிஷும் அதில் சிறிது அரைத்தெடுத்துவிடும்.

கண்ணாடியின் நிலை இன்னும் கடினம். கண்ணாடியே பெரும்பாலும் சிலிக்காவால் ஆனதாகையால், நீரிலிருந்து படியும் சிலிக்கா அதோடு இறுகப் பிணைந்துவிடுகிறது; முன்கண்ணாடியில் வைப்பர் தொடும் பகுதியில் படியும் மங்கல், இரவில் எதிரே வரும் விளக்கொளியைச் சிதறச் செய்து ஓட்டுநரின் பார்வையைக் கெடுக்கிறது. வைப்பருக்கு நீர் பீய்ச்சும் சிறு தொட்டியில் கிணற்று நீரை நிரப்புவோர் அந்த மங்கலைத் தம் கையாலேயே தினந்தோறும் வளர்த்துவருகிறார்கள். அந்தத் தொட்டி கொள்வது சில லிட்டர்தான், ஏ.சி.யிலிருந்து வடித்த நீரையோ ஆர்.ஓ. நீரையோ அதில் நிரப்பி, உடன் வாஷர் திரவத்தைச் சிறிது கலந்துவிட்டால், கண்ணாடி தெளிவாக இருப்பதோடு, பீய்ச்சும் நுண்துளைகளும் சுண்ணாம்பால் அடைபடாமல் இருக்கும்.